டிரோன் சிமுலேட்டருக்கு முன்னோடி ஒரு ஆர்கன் பெட்டி! யார் இந்த எட்வின் லிங்க்?

டிரோன் ஓட்டப் பழக ஆசைப்படும் யாருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: டிரோன் வாங்குறதுக்கு முன்னாடி ரிமோட்டை மட்டும் வாங்குங்க. அதை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, சில வாரம் சிமுலேட்டரில் ஓட்டுங்க. நல்ல சிமுலேட்டருக்குள் இருக்கும் டிரோன் வெறும் படம் இல்லை. அதற்கு எடை உண்டு. மோட்டார் எவ்வளவு தள்ளும், பேட்டரி இறங்க இறங்க விசை எப்படிக் குறையும், தானே கலக்கிவிட்ட காற்றுக்குள் வேகமாக இறங்கினால் எப்படி உதறும் என எல்லாமே கணக்குப் போட்டு உருவாக்கப்பட்டவை. ஸ்டிக்கை விட்டுவிட்டால் தானாக நேராகிவிடும் முறையை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சாய்ந்த டிரோன் சாய்ந்தபடியே போய் மரத்தில் மோதும். ஒரு பட்டனைத் தட்டினால் மறுபடி புதுசாக வந்து நிற்கும். நிஜ டிரோன் என்றால் இறக்கை, கை, கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் பணம். கீழே ஆள் நின்றிருந்தால் அதைவிடப் பெரிய விலை.

இந்த ‘மோதலாம், பரவாயில்லை’ என்ற வசதி கம்ப்யூட்டர் கொண்டுவந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனா, கம்ப்யூட்டர் என்று ஒன்று வருவதற்கு முன்பே, 1920-களின் இறுதியில், அமெரிக்காவில் ஒரு இசைக்கருவித் தொழிற்சாலையின் அடித்தளத்தில் அது உருவாகிவிட்டது. உருவாக்கியவர் எட்வின் லிங்க். லட்சக்கணக்கான விமானிகள் அவருடைய பெட்டிக்குள் உட்கார்ந்துதான், தரையைவிட்டுக் கிளம்பாமலேயே தப்பு செய்து பழகினார்கள்.

50 டாலர் கொடுத்தும் ஸ்டிக்கைத் தொட முடியவில்லை

எட்வின் லிங்க் 1904 ஜூலை 26 அன்று இண்டியானா மாநிலத்தின் ஹண்டிங்டனில் பிறந்தார். அவருக்கு ஆறு வயது இருக்கும்போது குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. திவாலான ஒரு இசைக்கருவி நிறுவனத்தை வாங்கிய அப்பா, அதை ‘லிங்க் பியானோ அண்ட் ஆர்கன் கம்பெனி’யாக மாற்றினார். தானாக வாசிக்கும் பியானோக்களும், மௌனப் படக் காலத்துத் தியேட்டர்களில் வைக்கும் பெரிய ஆர்கன்களும் அங்கே தயாராயின.

தானாக வாசிக்கும் பியானோ எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். ஒரு நீளமான காகிதச் சுருளில் பாட்டுக்கு ஏற்ற மாதிரி துளைகள் போட்டிருப்பார்கள். சுருள் நகரும்போது துளை வழியாகக் காற்று உள்ளே போகும். அந்தக் காற்று ஒரு வால்வைத் திறக்கும், சின்னத் துருத்தி ஒன்று சுருங்கும், அதோடு இணைத்த பியானோ கட்டை அடிபடும். நம்மூர் ஆர்மோனியத்தில் கையால் இயக்கும் துருத்தியை நூறாகப் பெருக்கி, மோட்டாரால் இயக்கினால் எப்படியோ, அப்படி. காற்றை உறிஞ்சி, விரும்பிய நேரத்தில், விரும்பிய அளவுக்கு ஒரு பொருளை அசைக்கும் கலை இது. எட்வினுக்குப் பொறியியல் பட்டம் கிடையாது. அவர் படித்த கல்லூரி, அப்பாவின் தொழிற்சாலையில் இருந்த இந்தத் துருத்திகள்தான்.

1920-ல், அவருக்கு 16 வயது. கலிஃபோர்னியாவில் முதல் முறையாக விமானப் பாடத்துக்குப் போனார். சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் அங்கே விமான நிறுவனம் நடத்திவந்தார். ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அந்த ஒரு மணி நேரத்தில் விமானம் குட்டிக்கரணம் போட்டது, பம்பரமாகச் சுழன்றது, தரையை உரசுகிற மாதிரி பறந்தது. பையன் பயந்தானா, ரசித்தானா என்பது வேறு விஷயம். ஆனா, இறங்கும்வரை கட்டுப்பாட்டு ஸ்டிக்கை ஒருமுறைகூட அவன் கையில் கொடுக்கவில்லை. காசு கொடுத்தது கற்றுக்கொள்ள, கிடைத்தது சவாரி. இது என்ன பாடம் என்ற எரிச்சல் லிங்க்குக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

கற்றுக்கொடுத்தவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. முதல் நாள் மாணவனிடம் ஸ்டிக்கைக் கொடுத்தால் இரண்டு பேர் உயிரும் விமானமும் போகும். கொடுக்காவிட்டால் மாணவன் எதையும் கற்கப் போவதில்லை. விமானம் ஓட்டக் கற்பதில் இருந்த அடிப்படைச் சிக்கலே இதுதான்.

லிங்க் எப்படியோ கற்றுக்கொண்டார். 1927-ல் செஸ்னா நிறுவனம் விற்ற முதல் விமானத்தை வாங்கியவர் அவர்தான். ஊர் ஊராகப் பறந்து வேடிக்கை காட்டுவது, பயணிகளை ஏற்றிச் செல்வது, பாடம் நடத்துவது என்று பிழைப்பு ஓடியது.

துருத்தி மேல் ஒரு டம்மி விமானம்

அதே 1927 வாக்கில், தொழிற்சாலையின் அடித்தளத்தில் தன் யோசனையைச் செய்து பார்க்க ஆரம்பித்தார். சுமார் ஒன்றரை ஆண்டு ஆனது. உருவானது மரத்தால் ஆன குட்டி விமானம். இறக்கை குட்டை, வால் குட்டை, ஒரே ஒரு ஆள் உட்காரும் காக்பிட். அதை ஒரு மேடையின் மேல் பொருத்தி, அடியில் நான்கு துருத்திகளை வைத்தார். ஸ்டிக்கை முன்னே தள்ளினால் சில துருத்திகள் சுருங்கும், சில விரியும். மூக்கு கீழே இறங்கும். பக்கவாட்டில் தள்ளினால் இறக்கை சாயும். காலால் பெடலை அழுத்தினால் காற்றில் இயங்கும் ஒரு மோட்டார் பெட்டியையே சுற்றிவிடும். எல்லாவற்றுக்கும் சக்தி, காற்றை உறிஞ்சும் ஒரு மின்சார பம்ப். ஆர்கனின் உடம்பு, விமானத்தின் வேஷம். அவ்வளவுதான்.

இன்றைய டிரோன் சிமுலேட்டரில் உண்மைத்தன்மை திரையில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நாற்காலி அசைவதில்லை. லிங்க்கின் பெட்டி நேர் எதிர். காட்டத் திரை இல்லை. ஆனா தப்பு செய்தால் உடம்புக்கு உடனே தெரியும்.

1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1931-ல் கிடைத்தது. அந்தக் காப்புரிமையின் தலைப்பே சுவாரஸ்யம்: மாணவ விமானிகளுக்கான பயிற்சிச் சாதனமும் பொழுதுபோக்குச் சாதனமும் சேர்ந்தது என்ற பொருளில் இருக்கும். சிமுலேட்டர் என்பது விளையாட்டா, பயிற்சியா என்று இன்றும் வீட்டில் அம்மா அப்பா கேட்கும் கேள்வியை, முதல் விண்ணப்பத்திலேயே இரண்டும்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

சந்தை சொன்ன பதில் வேறு. விமானப் பள்ளிகள் அதைச் சீந்தவில்லை, ராணுவமும் கண்டுகொள்ளவில்லை. வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் குலுங்கும் குதிரை மாதிரி, காசு போட்டால் சாயும் விமானம். இதற்கிடையே பேசும் படம் வந்து தியேட்டர் ஆர்கனுக்கு வேலை இல்லாமல் போனது. 1929-ன் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. லிங்க் தன் பெட்டியை வைத்துத் தானே ஒரு விமானப் பள்ளி நடத்திப் பார்த்தார். பெட்டியில் பழகியவர்கள் நிஜ விமானத்தில் ஓட்ட வேண்டிய நேரம் குறைந்ததால் கட்டணமும் குறைவு. ஆனாலும் மக்கள் கையில் காசு இல்லாத காலம் அது. இரவில் விமானத்தின் அடியில் விளக்குப் பலகை கட்டி, வானத்தில் விளம்பரம் காட்டும் தொழிலும் செய்தார். அந்த விளக்குகளை எரித்து அணைத்ததும் பியானோ சுருளின் தொழில்நுட்பம்தான். 1931-ல் மேரியன் கிளேட்டனைத் திருமணம் செய்துகொண்டார். பத்திரிகை நிருபராக இருந்த மேரியன், பிறகு கம்பெனியின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொண்டார்.

தபால் மூட்டைகளுக்காகச் செத்துப்போன விமானிகள்

எல்லாம் மாறியது 1934-ல். விமானத் தபால் ஒப்பந்தங்களில் முறைகேடு என்று புகார் கிளம்பி, அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். பிப்ரவரி 19 முதல் தபாலைச் சுமக்கும் பொறுப்பு ராணுவ விமானப் படைக்கு வந்தது. அது கடும் குளிர்காலம். பனிப்புயல், மூடுபனி, இரவு. ராணுவ விமானிகள் தைரியசாலிகள்தான். ஆனா பெரும்பாலானோர் தெளிவான வானத்தில், தரையைப் பார்த்தபடி பறந்து பழகியவர்கள். சில வாரங்களுக்குள் 12 பேர் இறந்துபோனார்கள்.

மேகத்துக்குள் போனால் ஏன் இவ்வளவு ஆபத்து? நம் உள்காதில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது திரவம் பின்தங்குவதை வைத்துத்தான் திரும்புகிறோம் என்று மூளை உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் திரவமும் அதே வேகத்தைப் பிடித்துவிடும். அப்புறம் மூளைக்கு ‘நேராகப் போகிறோம்’ என்றுதான் தோன்றும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. விமானம் சாய்ந்து, வட்டமடித்து இறங்கிக்கொண்டிருக்கும். விமானியோ நேராகப் பறப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். சரிசெய்து நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல உடம்பு பொய் சொல்லும். உடனே பழையபடி சாய்த்துவிடுவார்.

இதற்கு ஒரே மருந்து, உடம்பை நம்பாமல் கருவிகளை நம்புவது. அது முடியும் என்று 1929 செப்டம்பரிலேயே ஜிம்மி டூலிட்டில், மூடிய காக்பிட்டில் கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, பறந்து, இறங்கிக் காட்டிவிட்டார். ஆனா, உடம்பு கத்திக் கத்திச் சொல்வதைக் கேட்காமல் முள்ளைப் பார்த்து ஓட்டும் பழக்கம், புத்தகம் படித்தால் வராது. நிஜ மேகத்துக்குள் பழகப் போனால், முதல் தப்பே கடைசித் தப்பு.

லிங்க்கின் பெட்டி பொருந்தியது இங்கேதான். காக்பிட் மேல் மூடியைப் போட்டுவிட்டால் வெளியுலகம் மறைந்துவிடும். உள்ளே கருவிகள் மட்டும். பெட்டி நிஜமாகவே திரும்பும், சாயும். காதுத் திரவம் நிஜமாகவே ஏமாறும். வெளியே பயிற்றுநரின் மேசையில் அதே கருவிகளின் நகல் இருக்கும். அவர் ஹெட்போன் வழியாக ரேடியோ சிக்னல் கொடுப்பார். மேசையின் மேல் விரித்த வரைபடத்தில் மூன்று சக்கரம் வைத்த ஒரு சின்னக் கருவி ஊர்ந்து ஊர்ந்து, மாணவன் ‘பறக்கும்’ பாதையை மையால் வரையும். அதற்கு நண்டு என்று செல்லப்பெயர். பாடம் முடிந்து மூடியைத் திறந்து வெளியே வரும் மாணவன், தான் எந்த மலையில் மோதிச் செத்திருப்பான் என்பதை அந்தக் கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே குளிர்காலத்தில் ஒருநாள், பெட்டியைப் பற்றிப் பேச நியூவார்க் விமானத் தளத்தில் ராணுவ அதிகாரிகள் லிங்க்குக்காகக் காத்திருந்தார்கள். மூடுபனி இறங்கியிருந்தது. இந்த நிலைமையில் யாரும் வர மாட்டார்கள் என்று கிளம்பும் மனநிலையில் இருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. பிங்ஹாம்டனிலிருந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்து லிங்க் இறங்கினார். அதற்கு மேல் விற்பனைப் பேச்சு தேவைப்படவில்லை. ஒன்று 3,500 டாலர் என்று ஆறு பெட்டிகளை ராணுவம் வாங்கியது.

அடுத்து ஜப்பான் கடற்படை உட்பட வெளிநாடுகளும் வாங்கின. பின்னாளில் போரில் எதிரெதிரே நின்ற தரப்புகள் ஒரே மனிதரின் பெட்டியில் பழகியவை என்பது வரலாற்றின் விநோதம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் உற்பத்தி எகிறியது. கனடாவின் கனனோக்வேயிலும் தொழிற்சாலை. போர்க்காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள். நீல உடம்பும் மஞ்சள் இறக்கையுமாக இருந்த அதை ‘ப்ளூ பாக்ஸ்’ என்று அழைத்தார்கள். நட்சத்திரங்களை வைத்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்காக, 45 அடி உயரக் கட்டடத்துக்குள் செயற்கை வானத்தையே தொங்கவிட்டு இன்னொரு சிமுலேட்டரும் செய்தார்.

மேலே போதும், இனி கீழே

1954-ல் லிங்க்கின் நிறுவனம் ஜெனரல் பிரிசிஷன் என்ற பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. அதே லிங்க் பிரிவு பின்னர் அப்பல்லோ விண்வெளி வீரர்களுக்கான சிமுலேட்டர்களைச் செய்தது. ஆனா அதற்குள் எட்வினின் மனசு கடலுக்குப் போய்விட்டது. ஃபுளோரிடா பக்கம் மூழ்கிய கப்பல்களைத் தேடுவதில் தொடங்கி, அதற்காகவே வடிவமைத்த ‘சீ டைவர்’ கப்பலில் 1959-ல் ஜமைக்காவின் போர்ட் ராயலை ஆராயும் அளவுக்கு வளர்ந்தது. 1692 நிலநடுக்கத்தில் கடலுக்குள் போன ஊர் அது.

ஆழத்தில் வேலை செய்வதில் பெரிய தடை நேரம். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது வாயு ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். வேகமாக மேலே வந்தால் சோடா மூடியைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பி ஆளைக் கொல்லும். பத்து நிமிட வேலைக்கு மணிக்கணக்கில் மெதுவாக ஏற வேண்டும். லிங்க் யோசித்தது இப்படி: ஆளை அழுத்தத்திலேயே ஒரு உலோக உருளைக்குள் வைத்து, உருளையையே மேலே கொண்டுவந்து, கப்பலில் வைத்து நிதானமாக அழுத்தத்தைக் குறைத்தால் என்ன?

1962-ல், 58 வயதில், அந்த அலுமினிய உருளைக்குள் முதலில் இறங்கியது அவரேதான். மத்தியதரைக் கடலில் 60 அடி ஆழம், எட்டு மணி நேரம். அடுத்த மாதம் பெல்ஜியத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெனுவி 200 அடியில் ஒரு நாளுக்கும் மேல் இருந்தார். 1964-ல் ஸ்டெனுவியும், சார்லஸ் லிண்ட்பெர்கின் மகன் ஜான் லிண்ட்பெர்கும் பஹாமாஸ் அருகே 432 அடியில், லிங்க் வடிவமைத்த ரப்பர் கூடாரத்தில் 49 மணி நேரம் வாழ்ந்தார்கள். அடுத்து, ஆழத்தில் கதவைத் திறந்து டைவரை வெளியே அனுப்பும் சிறிய நீர்மூழ்கி வாகனங்கள். அதில் பெயர்பெற்றது 1971-ல் வந்த ‘ஜான்சன் சீ லிங்க்’. முன்னால் கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருண்டை, அதில் இரண்டு பேர். பின்னால் அலுமினிய அறை, அதில் இரண்டு பேர்.

1973 ஜூன் 17. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே, செயற்கைப் பாறையாக இருக்கட்டும் என்று மூழ்கடிக்கப்பட்டிருந்த பழைய போர்க்கப்பலின் பக்கத்தில் ஒரு சாதாரண வேலை. மீன்களைப் பற்றி ஆராய வைத்திருந்த ஒரு கூண்டை எடுத்துவர வேண்டும். சுமார் 360 அடி ஆழத்தில், சிதைவில் தொங்கிய கேபிளில் வாகனம் சிக்கிக்கொண்டது. பின் அறையில் இருந்தவர்கள் லிங்க்கின் மகன் கிளேட்டன், வயது 31. டைவர் ஆல்பர்ட் ஸ்டோவர், வயது 51. மேலே சீ டைவர் கப்பலில் எட்வின் லிங்க்.

கடற்படை டைவர்கள் முயன்றார்கள், நீரோட்டம் விடவில்லை. மணிக்கணக்கில் நேரம் ஓடியது. மூச்சுவிடும் கரியமில வாயுவை உறிஞ்ச வாகனத்தில் ஒரு ரசாயனம் உண்டு. குளிர்ந்துபோனால் அது சரியாக வேலை செய்யாது. முன்னால் இருந்த தடித்த அக்ரிலிக், குளிரைத் தடுத்தது. பின்னால் இருந்த அலுமினியம் கடலின் குளிரை அப்படியே உள்ளே கடத்தியது. ஒரு நாளுக்கும் மேலாகி, டிவி கேமரா கட்டிய கொக்கியைக் கீழே இறக்கி வாகனத்தை இழுத்து எடுத்தபோது, முன் உருண்டையில் இருந்த இருவர் பிழைத்திருந்தார்கள். பின் அறையில் இருந்த இருவரும் இறந்துபோயிருந்தார்கள்.

அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா. எடை குறைவு, துருப்பிடிக்காது என்று அதற்கான காரணங்கள் எல்லாமே சரியானவைதான். இந்த ஒரு தப்பை முன்கூட்டியே செய்து பார்க்க எந்தப் பெட்டியும் இருக்கவில்லை.

லிங்க் கடலை விட்டு ஒதுங்கவில்லை. 69 வயதில் மறுபடி வரைபட மேசைக்குப் போனார். கேள்வியும் மாறியது: சிக்கிய வாகனத்தைக் காப்பாற்ற இன்னொரு மனிதன் ஏன் இறங்க வேண்டும்? அதிலிருந்து வந்தது ‘கார்டு’ என்ற ஆளில்லா மீட்பு வாகனம். கப்பலிலிருந்து கேபிள் வழியாக மின்சாரமும் கட்டளையும் போகும். அதன் கேமரா ஆழத்தில் பார்ப்பதை, மேலே ஒருவர் டிவி திரையில் பார்த்தபடி ஓட்டுவார். சிக்கலை வெட்டி விடுவிக்க அதற்குக் கைகள் உண்டு. இன்றைய மொழியில் சொன்னால் கடலடி டிரோன்.

1981 செப்டம்பர் 7 அன்று, தன் 77-வது வயதில், பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் காலமானார். ஜான்சன் சீ லிங்க் வாகனங்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் வேலை செய்தன. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது, அட்லாண்டிக் கடலடியில் அதன் ராக்கெட்டின் பாகங்களைத் தேடி இறங்கியவற்றில் அவையும் இருந்தன.